அப்கிரேட் முடிந்த மறுநாள் காலையில் கைகொடுத்த கீபாஸ்எக்ஸ்சி

இரவில் ஓஎஸ் அப்கிரேடைத் தட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கோப்புகள், பிரவுசரில் திறந்து வைத்திருந்த டேப்கள், எதுவும் குறையவில்லை. வங்கிப் பக்கத்துக்குப் போய் லாகின் கட்டத்தில் கர்சரை வைத்தேன். வழக்கமாக அந்தக் கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம் வரும், அதைத் தொட்டால் பெயரும் கடவுச்சொல்லும் தானாக வந்து விழும். அன்றைக்கு அந்தப் படம் வரவே இல்லை. பாஸ்வேர்ட் மேனேஜருக்காகப் பிரவுசரில் சேர்த்திருந்த துணை நிரலை, அதாவது எக்ஸ்டென்ஷனைத் திறந்தால் "செயலியோடு இணைக்க முடியவில்லை" என்று ஒரே ஒரு வரி. செயலியோ பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது, அதற்குள் என்னுடைய முந்நூற்றுச் சொச்சம் கடவுச்சொற்களும் பத்திரமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஒரே திரையில் இருந்துகொண்டு இரண்டும் ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்கின்றன.

அது நான் பல வருடம் பணம் கட்டிப் பயன்படுத்திய பாஸ்வேர்ட் மேனேஜர், கடவுச்சொற்களைப் பூட்டிவைத்து வேண்டும்போது தரும் செயலி. பெயர் இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் இந்தச் சிக்கல் எந்த மேனேஜரிலும் வரக்கூடியது. அதை விட்டு கீபாஸ்எக்ஸ்சி என்ற இன்னொரு மேனேஜருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அதற்குள் இரண்டு ஓஎஸ் அப்கிரேடையும் தாண்டிவிட்டேன். இனி எழுதலாம் என்ற நம்பிக்கை இப்போதுதான் வந்திருக்கிறது. பாஸ்வேர்ட் மேனேஜர்களை அலசுகிறவர்கள் குறியாக்கம், விலை, தோற்றம் என்று போவார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஓஎஸ் மாறிய மறுநாள் காலையில் அது எப்படி நடந்துகொள்கிறது, பிரவுசரோடு இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று சொல்கிறதா, அதை நானே சரிசெய்துகொள்ள வழி விடுகிறதா.

பழைய மேனேஜரின் உதவி மையத்துக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில், எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்றது. போட்டேன், சரியாகவில்லை. செயலியையும் சேர்த்து நீக்கிவிட்டுப் போடுங்கள் என்றார்கள். அதையும் செய்தேன். இதில் இன்னொன்று, ஃபயர்ஃபாக்ஸில் பிறகு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, குரோமில் மட்டும் இல்லை. ஒரே கணினி, ஒரே செயலி, ஒரே கணக்கு, ஆனால் ஒரு பிரவுசரில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. அந்த வித்தியாசம்தான் என்னை உள்ளே தோண்டிப் பார்க்க வைத்தது.

பிரவுசர் ஓர் எக்ஸ்டென்ஷனைக் கணினிக்குள் இஷ்டத்துக்குக் கைவைக்க விடாது. அது சரியான கட்டுப்பாடு, அது இல்லாவிட்டால் எந்த எக்ஸ்டென்ஷனும் எந்தக் கோப்பையும் திறந்துவிடும். ஆகவே செயலியோடு பேச ஒரே ஓர் அங்கீகரிக்கப்பட்ட வழி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் நேட்டிவ் மெசேஜிங். ஒரு சின்ன ஜேசன் கோப்பு, நோட்பேடில் திறந்தால் ஏழெட்டு வரிதான் இருக்கும். அதில் ஒரு பெயர், ஒரு விவரம், எந்த நிரலைக் கூப்பிட வேண்டும் என்ற பாதை, எந்த வகையில் பேச வேண்டும், எந்த எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி உண்டு, அவ்வளவுதான். பிரவுசர் அந்தக் கோப்பைப் படித்து, அதில் உள்ள பாதையில் இருக்கும் நிரலைத் தொடங்கி, அதன் வழியாக எக்ஸ்டென்ஷனின் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் இந்தக் கோப்பு ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரில் கிடக்கும், அதுவும் சாதாரணமாகக் கண்ணில் படாத ஃபோல்டரில். விண்டோஸில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். குரோம் கோப்பும் ஃபயர்ஃபாக்ஸ் கோப்பும் ஒன்றுபோல இருந்தாலும், அனுமதியை எழுதும் முறை இரண்டிலும் வேறு, அதனால் ஒன்றை எடுத்து இன்னொன்றுக்கு வைக்க முடியாது.

என் குரோமுக்கான கோப்பைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். பாதை என்ற இடத்தில் எழுதியிருந்தது பழைய பதிப்பின் ஃபோல்டர், பதிப்பு எண்ணோடு. அப்படி ஒரு ஃபோல்டரே இப்போது கணினியில் இல்லை. அப்கிரேடோடு செயலியும் புதிய ஃபோல்டருக்கு மாறியிருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் கோப்பில் புதிய பாதையை எழுதியிருக்கிறது, குரோம் கோப்பை மட்டும் தொடவில்லை. பதிப்பு எண்ணில் இரண்டு இலக்கத்தை மாற்றிச் சேமித்து, பிரவுசரை மூடித் திறந்தேன், சாவிப் படம் வந்துவிட்டது. இரண்டு இலக்கம். அதற்காக ஒன்பது நாள் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகக் கையால் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். உதவி மையத்துக்கு இதை எழுதி அனுப்பினேன், நன்றி என்று பதில் வந்தது, அடுத்த பதிப்பிலும் அதே கோளாறு இருந்தது. அப்போதுதான் மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நகலெடுத்து ஒட்டினால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். நிறையக் குறைகிறது. எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல்லைத் தருவதற்கு முன்னால் பக்கத்தின் முகவரியைச் சரிபார்க்கிறது. வங்கியின் முகவரியைப் போலவே ஓர் எழுத்து மாற்றிப் போலிப் பக்கம் வைத்திருந்தால் நம் கண் ஏமாந்துபோகும், எக்ஸ்டென்ஷன் ஏமாறாது, அந்த முகவரிக்கு என்னிடம் எதுவும் இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். இணைப்பு அறுந்து, நாமே நகலெடுத்து ஒட்ட ஆரம்பித்த நிமிடம் அந்தக் காவல் போய்விடுகிறது. அதோடு, சாவிப் படம் வராததை நாம் அப்கிரேடின் தலையில் போட்டுப் பழகிவிடுகிறோம், உண்மையிலேயே போலிப் பக்கம் வரும் நாளிலும் அதே நினைப்பில் ஒட்டிவிடுவோம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் டிஜிட்டல் திறவுகோலான பாஸ்கீ வந்த பிறகு நிலைமை இன்னும் கறாராகிவிட்டது. கடவுச்சொல்லையாவது நகலெடுத்து ஒட்டலாம், பாஸ்கீயை ஒட்டவே முடியாது. எக்ஸ்டென்ஷன் வழியாக அது வரவில்லை என்றால் அந்தக் கணக்குக்குள் நுழைய வேறு வழியைத்தான் தேட வேண்டும்.

சரி, கீபாஸ்எக்ஸ்சி.

இது இலவசம், நிரல் வரிகளை யாரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள். விண்டோஸில் பிறந்த கீபாஸின் வழியில் வந்த கீபாஸ்எக்ஸ் என்ற நிரலின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதிலிருந்து 2016-இல் கிளைத்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே ஒரு பூட்டிய கோப்பில், அந்தக் கோப்பு உங்கள் கையில். நிறுவனத்தின் சர்வர் என்று ஒன்று கிடையாது. பழைய மேனேஜரிலிருந்து எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து உள்ளே போட்டேன், எந்தப் பத்தி எதற்கு என்று அதுவே கேட்டது, பத்து நிமிட வேலை. அந்த சிஎஸ்வி கோப்பை உடனே அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். பூட்டே இல்லாத வெறும் எழுத்தாக அத்தனை கடவுச்சொல்லும் அதில் இருக்கிறது, டவுன்லோட் ஃபோல்டரில் அதை மறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

பிரவுசர் இணைப்புக்கு அமைப்புகளில் தனிப் பக்கமே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், குரோமியம், எட்ஜ், பிரேவ், விவால்டி, டார் என்று வரிசையாகப் பெட்டிகள், வேண்டியதை டிக் செய்தால் அந்தந்த பிரவுசருக்கான ஜேசன் கோப்பை அதுவே எழுதிவைக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி டிக் செய்தால் புதிதாக எழுதுகிறது. நான் ஒன்பது நாள் தேடிய விஷயம் இங்கே ஒரு டிக். இன்னும் கொஞ்சம் உள்ளே, மேம்பட்ட பகுதியில், செயலி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கோப்புகளைப் புதுப்பி என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே மனது நிறைந்தது. இதைச் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் அறுந்துபோகும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதை மறைக்காமல் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எக்ஸ்டென்ஷனைப் போட்டு இணை என்று அழுத்தினால், செயலி ஒரு பெயர் கேட்கிறது. வீட்டுக் கணினி ஃபயர்ஃபாக்ஸ், அலுவலகக் குரோம் என்று நான் பெயர் வைத்தேன். அந்தப் பெயரோடு ஒரு திறவுகோல் கடவுச்சொல் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது, அதன் ஜோடி எக்ஸ்டென்ஷனிடம் இருக்கிறது. இந்த ஒரு விவரம் தெரிந்தால் அப்கிரேடுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இருக்கிற ஓஎஸ்மேல் அப்கிரேட் போட்டு பிரவுசர் புரொஃபைல் (உங்கள் அமைப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் இருக்கும் ஃபோல்டர்) அப்படியே இருந்தால் இரண்டு பக்கமும் திறவுகோல் இருக்கும், எதுவும் செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஓஎஸ் போட்டால் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் திறவுகோல் போயிருக்கும், மறுபடி இணை என்று அழுத்தி வேறு பெயர் கொடுத்தால் முடிந்தது, பழைய பெயரைக் கோப்பின் அமைப்புகளில் போய் நீக்கிவிடலாம். நான் தாண்டிய இரண்டு அப்கிரேடில் ஒன்று முதல் வகை, இன்னொன்று இரண்டாவது வகை. முதலில் எதுவுமே செய்யவில்லை. இரண்டாவதில், டிக், இணை, பெயர், அவ்வளவு, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒரே மாதிரி.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பலர் இந்த இரண்டாவது வகையில்தான் மாறுகிறார்கள், பழைய கணினியை விட்டுப் புதியதுக்கு. அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லைப் பிரவுசரிலேயே சேமித்து வைத்திருப்பவர்கள், குரோமின் புரொஃபைல் ஃபோல்டரை நகலெடுத்துப் புதிய கணினியில் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். புக்மார்க் வரும், கடவுச்சொல் வராது. விண்டோஸில் குரோம் அதைப் பூட்டும் திறவுகோல் அந்த விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது, பழைய கணினியை அழித்துவிட்டால் அந்தக் கோப்பு வெறும் குப்பை. கூகுள் கணக்கில் சிங்க் (ஒத்திசைவு) போட்டிருந்தால் தப்பித்தீர்கள், இல்லையென்றால் அழிப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி குறைகள். முதலில் லினக்ஸ். 2022 ஏப்ரலில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04 பதிப்பு வந்தபோது ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் வடிவத்துக்கு மாற்றினார்கள். ஸ்னாப் என்பது நிரலை ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுவது, அந்த வேலிக்குள் இருந்துகொண்டு ஃபயர்ஃபாக்ஸால் வெளியே இருக்கும் நிரலைத் தொடங்க முடியவில்லை. பயனர் பிரவுசரை மாற்றவில்லை, மேனேஜரை மாற்றவில்லை, ஓஎஸ்ஸை மட்டும் அப்கிரேட் செய்தார், அதற்கே இணைப்பு போனது. பிற்பாடு அனுமதி கேட்டுத் திறந்துவிடும் ஒரு வழியைச் சேர்த்தார்கள். ஸ்னாப்பைப் போலவே வேலிக்குள் ஓடும் ஃபிளாட்பேக் வடிவ பிரவுசர்களில் இன்றைக்கும் நேரடியாக இணையாது, கைவேலை தேவை. கீபாஸ்எக்ஸ்சியையே ஸ்னாப்பாகப் போட்டால் அதற்கென்று தனி ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்ட வேண்டும். லினக்ஸில் என் அறிவுரை, பிரவுசரையும் சரி, மேனேஜரையும் சரி, முடிந்தால் சாதாரணப் பொதியாகப் போடுங்கள்.

ஆட்டோ-டைப் என்று ஒன்று இதில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்டென்ஷனே வேண்டாம், விண்டோவின் தலைப்பைப் பார்த்து, பெயரை அடித்து, டேப் அழுத்தி, கடவுச்சொல்லை அடித்து, என்டர் அழுத்திவிடும். பிரவுசர் இணைப்பு அறுந்த நாளில் இதுவே மாற்றுவழி. ஆனால் தலைப்பை வைத்து ஒப்பிடுவதால் முகவரியைச் சரிபார்க்கும் காவல் இதில் இல்லை, அதை மறக்கக் கூடாது. லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டுக்கு மாறிய பதிப்புகளில் இதை நம்ப முடியாது, ஒரு நிரல் இன்னொரு நிரலின் விண்டோவில் தட்டச்சு செய்வதை வேலாண்ட் தடுக்கிறது. மேக்கில் இதற்கு அணுகல்தன்மை, திரைப்பதிவு என்று இரண்டு அனுமதி வேண்டும், அப்கிரேடுக்குப் பிறகு வேலை செய்யவில்லை என்றால் முதலில் அந்த இரண்டையும் போய்ப் பாருங்கள்.

மேக் என்றதும் பெரிய குறை ஒன்று, சஃபாரிக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது. சஃபாரிதான் உங்கள் பிரவுசர் என்றால் இந்த விமர்சனத்தை இங்கேயே நிறுத்திவிட்டு வேறு மேனேஜரைப் பார்ப்பது நல்லது. சஃபாரி ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருவதால் அதில் அப்கிரேட் என்பது எப்போதும் இரட்டை அப்கிரேட். 2019-இல் கேட்டலினா என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு வந்த சஃபாரி 13 பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை முழுதாகக் கைவிட்டது, புதிய வகையில் எழுதி வைக்காதவை எல்லாம் அத்தோடு நின்றன. ஃபயர்ஃபாக்ஸிலும் இது நடந்தது, 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பில். குரோம் 2024-இலிருந்து மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய முறையில் எழுதிய எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக முடக்கியது. ஒரு பழைய கணினியைப் பல வருடம் கழித்து அப்கிரேட் செய்கிறவர் இந்த மாற்றங்கள் அத்தனையையும் ஒரே நாளில் தாண்ட வேண்டியிருக்கும், அந்தக் குழப்பத்தில் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் கடையில் தேடி, பெயர் ஒத்திருக்கிறதே என்று ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிடக் கூடாது. மேனேஜரின் சொந்தத் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போங்கள்.

ஃபோனுக்குக் கீபாஸ்எக்ஸ்சி கிடையாது. அதே கோப்பைத் திறக்கும் வேறு செயலிகள் உண்டு, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐஃபோனில் கீபாசியம், ஸ்ட்ராங்பாக்ஸ். கோப்பை ஃபோனுக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசைப்பது நம் பொறுப்பு, ஏதாவது ஒரு கிளவுட் ஃபோல்டரிலோ, கருவிகளுக்கிடையே கோப்பை ஒத்திசைக்கும் சிங்க்திங் என்ற நிரலிலோ வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு கோப்பாகப் பிரிந்து நிற்கும், அப்புறம் இரண்டையும் ஒன்றாக்கு என்று கட்டளை கொடுத்துச் சேர்க்கலாம், அது நன்றாகவே சேர்க்கிறது. முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை. பாஸ்கீ ஆதரவு 2024 மார்ச்சில் வந்த 2.7.7 பதிப்பில் சேர்ந்தது, எக்ஸ்டென்ஷன் வழியாக நன்றாக வேலை செய்கிறது. 1பாஸ்வேர்ட், பிட்வார்டன் ஆகிய மேனேஜர்களின் கோப்புகளை நேரடியாக உள்ளே எடுக்கும் வசதியும் அதே பதிப்பில் இருக்கிறது, சிஎஸ்வி தேவையில்லை.

இப்போது அப்கிரேடுக்கு முந்தைய இரவு நான் செய்வது மூன்று வேலை. கடவுச்சொல் கோப்பைப் பென் டிரைவில் ஒரு நகல் போடுகிறேன், அதை ஃபோனில் ஒருமுறை திறந்து பார்க்கிறேன், முக்கியமான மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறேன். திறந்து பார்ப்பதுதான் இதில் முக்கியம், நகல் இருக்கிறது என்று நம்பி, அது திறக்காமல் போனால் ஒரு பயனும் இல்லை. அப்கிரேட் முடிந்ததும் முதலில் கீபாஸ்எக்ஸ்சி, அப்புறம்தான் பிரவுசர். இந்த வரிசையில் திறந்தால் ஜேசன் கோப்பு புதுப்பிக்கப்பட்ட பிறகே பிரவுசர் அதைத் தேடிப் போகும்.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். "மேக்ல அப்டேட் போட்டேன்டா, பாஸ்வேர்ட் எதுவும் வரல, நீ வச்சிருக்கியே அதைப் போட்டுக் கொடு" என்றாள். அவள் பயன்படுத்துவது சஃபாரி மட்டும்தான், வேறு பிரவுசரைத் தொட்டதே இல்லை. "உனக்கு அது வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு, 2024-இல் செகோயா என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு ஆப்பிள் தனியாகக் கொண்டுவந்த பாஸ்வேர்ட்ஸ் செயலியைத் திறக்கச் சொன்னேன். அவளுடைய கடவுச்சொற்கள் அத்தனையும் அதிலேயே இருந்தன. சஃபாரியின் அமைப்புகளில் தானாக நிரப்பும் பகுதியில், பெயர், கடவுச்சொல் என்ற பெட்டியின் டிக் எப்படியோ போயிருந்தது. ஃபோனிலேயே வழிசொல்லி அதை டிக் செய்யவைத்தேன், லாகின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு "வந்துடுச்சு" என்றாள்.